ஓடுவதைத் தொட்ட ஞாயிற்றுக்கிழமை

நிறுவனத்தில் அவருக்குத் 'தொடாதீங்க சார்' என்று பட்டம். யார் எந்த வேலையாக சர்வர் அறைக்குப் போனாலும், என்ன ஏது என்று விசாரிப்பதற்கு முன்பே அவர் வாயிலிருந்து வருவது அந்த வார்த்தைதான். அது பொதுச் சுகாதார ஆராய்ச்சி நடக்கிற இடம். எல்லோருடைய கணக்கும் ஒரே ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடியது, அதைக் கட்டிக் காப்பது அவர் பொறுப்பு. ஓடுவதைத் தொடக் கூடாது என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம் ஒன்றுமில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்கிற எவரும் சொல்வதுதான். ஆனால் மற்றவர்கள் சர்வரோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் வீட்டு மின்விசிறி வரைக்கும் வந்துவிட்டார். கல்யாணமான புதிதில் வாங்கிய அந்த மின்விசிறி சுற்றும்போதெல்லாம் முனகும். மாற்றலாம் என்று யாராவது சொன்னால், "முனகினாலும் சுத்துதில்ல?" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி அதே நிறுவனத்தில் புள்ளியியல் நிபுணர். புதிதாக ஒரு கணக்கு முறை வந்திருக்கிறது என்றால் அதை ஓட்டிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. இவர்கள் இருவரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அலுவலகத்தில் வியக்காதவர்கள் இல்லை. நடத்தியது ஓர் ஒப்பந்தத்தால்தான். கல்யாணமான வருடமே, ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க் விஷயமாக அலுவலகத்தில் தொடங்கிய சண்டை சமையலறை வரை வந்து, இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்த பிறகு, சேர்ந்து முடிவெடுத்தார்கள். அலுவலகப் பேச்சு வீட்டுக்கு வரக் கூடாது, வீட்டுப் பேச்சு அலுவலகத்துக்குப் போகக் கூடாது. காலையில் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். வண்டி நிறுவனத்து வாசலைத் தாண்டும்வரை அவள் மனைவி, தாண்டியதும் மேடம். அவரும் அந்தக் கணமே சார். "உங்க ரெண்டு பேருக்கும் நடிப்புல நல்ல எதிர்காலம் இருந்திருக்கு, கெடுத்துக்கிட்டீங்க" என்பாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

கணக்குப் போட அங்கே எல்லோரும் பயன்படுத்துவது ஆர் என்கிற புள்ளியியல் மென்பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உலகம் முழுக்க ஆட்கள் அதற்குப் புதுப்புது பேக்கேஜ்கள், அதாவது துணைத் தொகுப்புகள், எழுதிச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். சர்வரில் இருந்த பதிப்போ, சர்வரைப் பெட்டியிலிருந்து எடுத்த காலத்தில் போட்டது. மேடம் வரைபடம் போடுவதற்கான ஒரு புதிய பேக்கேஜை நிறுவப் பார்த்தார். இந்தப் பதிப்புக்கு அது கிடையாது என்று சர்வர் கையை விரித்துவிட்டது. மேடம் முறைப்படி மின்னஞ்சல் அனுப்பினார்: ஆர் மென்பொருளைப் புதுப்பித்துத் தர வேண்டுகிறேன். சார் முறைப்படி பதில் அனுப்பினார்: தற்போதைய பதிப்பு நன்றாக ஓடுகிறது, தொட வேண்டாம். மறுபடியும் கேட்டார், மறுபடியும் அதே பதில். ஒரே கூரையின் கீழ் தூங்கி எழுகிற இரண்டு பேர் இப்படிக் கடிதப் போக்குவரத்து நடத்தினார்கள் என்றால் வெளியே யாரும் நம்ப மாட்டார்கள்.

மேடம் அப்போது ஒரு தண்ணீர்க் கணக்கெடுப்பில் மூழ்கியிருந்தார். ஊரின் வடக்குப் பக்கத்துப் பழைய குடியிருப்புகளில் குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. எல்லா வீட்டிலும் தண்ணீர் எடுத்துச் சோதிக்க முடியாது. ஆகவே குடிநீர்த் துறையின் இணைப்புப் பதிவேட்டை எடுத்து, அதிலிருந்து கொஞ்சம் வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கியது ஆர்தான். அந்தக் குலுக்கலில் ஒரு நேர்மை உண்டு. தொடங்கும் முன் அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணைக் கொடுத்தால் எப்போது குலுக்கினாலும் அதே வீடுகள் அதே வரிசையில் வரும். வேண்டிய வீடுகளைப் பொறுக்கி எடுக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மேடம் அந்த எண்ணையும், குலுக்குகிற சின்ன நிரலையும் வேலைத் திட்டத்தில் அச்சடித்து, கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே குடிநீர்த் துறைக்கு அனுப்பியிருந்தார். பிறகுதான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். முடிவு வந்தது. நிறைய வீடுகளில் ஈயம் இருந்தது, குழந்தைகள் குடிக்கிற தண்ணீரில்.

இதெல்லாம் நம் சாருக்குத் தெரியாது. ஒப்பந்தம் அப்படி. ஏதோ தண்ணீர் விஷயம் என்ற அளவில்தான் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவர் கண்டதெல்லாம் வீட்டில் நடந்ததுதான். சாயங்காலமானால் அவள் சாப்பாட்டு மேசையில் தன் பழைய லேப்டாப்பை விரித்துக்கொள்வாள். அதில் புதிய ஆர் இருந்தது, சக்திதான் இல்லை. தெருத் தெருவாக வரைபடம் போடச் சொன்னால் கொதிக்கும், திணறும், பாதியில் உயிரை விடும். அவள் மறுபடி தொடங்குவாள். ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்க வந்தபோது திரை அணைந்திருந்தது, அவள் உள்ளங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்னாச்சு?" என்றார். "தூசிங்க" என்றாள். தூசியாம். அவர் வந்து படுத்தார். அவளை இந்தப் பாடு படுத்துவது லேப்டாப் இல்லை, தான்தான் என்பது அவருக்கு உறைத்தது. மனுஷன் கல் இல்லை, கல் மாதிரி உட்கார்ந்து பழகிவிட்டார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டிக்கு பிரேக் பார்க்க வேண்டும் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நேராக சர்வர் அறைக்குப் போனார். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை நாள் பிடித்த பிடிவாதத்துக்கு என்ன மரியாதை? அதோடு, நாளைக்குக் காலையில் அவளாகவே பார்க்கும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. சின்னப் பையன்களுக்கு வருகிற ஆசை, அரைக் கிழவருக்கு வந்திருந்தது. சர்வரில் யார் எதை மாற்றினாலும் மாற்றப் பதிவில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். எழுதினால் நிறுவனத்தில் எல்லோருக்கும் மின்னஞ்சல் போய்விடும். திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

முதலில், புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று சர்வரிடமே கேட்டார். உங்களிடம் இருப்பதுதான் மிகப் புதியது என்று சத்தியம் செய்யாத குறையாக அது சொன்னது. அது பொய்யும் சொல்லவில்லை. மென்பொருள்களை எடுத்துத் தருகிற அந்த லினக்ஸின் சொந்தக் கிடங்கு, ஒரு மென்பொருளை ஒரு பதிப்பில் பிடித்துக்கொண்டால் கடைசிவரை அதோடுதான் வாழும். அவர் குணத்துக்கு ஏற்ற கிடங்கு. புதியது வேண்டுமென்றால் ஆரைச் செய்கிறவர்களின் கிடங்கு முகவரியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தார். இந்தக் கிடங்கின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க என்னிடம் சாவி இல்லை, உள்ளே விட முடியாது என்று சர்வர் முறைத்தது. அவருக்குப் பெருமையாக இருந்தது. வளர்ப்பு அப்படி! சாவியை வரவழைத்து, அதன் நீண்ட எண்ணை வெளியிட்டவர்கள் தந்ததோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, பிறகுதான் அனுமதித்தார்.

புதிய ஆர் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் பழைய பேக்கேஜ்கள் ஒன்றும் அதோடு பேச மாட்டேன் என்றன. எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. சில பேக்கேஜ்கள் பக்கம் பக்கமாகப் பிழைச் செய்தி கக்கிவிட்டு விழுந்தன. அந்தச் செய்திகளில் கடைசி வரி வெறும் ஒப்பாரி, காரணம் எங்கேயோ மேலே ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பொறுமையாக மேலே போய்ப் பார்த்து, எந்தத் துணை நிரல் இல்லை என்று கண்டுபிடித்து, அதைப் போட்டு, மறுபடி ஓட்டினார். வரைபட பேக்கேஜும் ஒருவழியாக ஏறியது. வழக்கமான வாராந்திர அறிக்கைகளை ஓட்டிப் பார்த்தார். கடைசித் தசமம் வரை பொருந்தின. புதிய பதிப்போடு வந்த, என்னென்ன மாறியிருக்கிறது என்று சொல்லும் மாற்றக் குறிப்பையும் ஒரு வரி விடாமல் படித்தார். வீட்டுக்குப் போனபோது, "பிரேக் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். "ம்" என்றார்.

மறுநாள் காலை மேடம் சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். முகம் பூவாக மலர்ந்திருந்தது.

"மேப் கண்ணிமைக்கறதுக்குள்ள வந்துடுச்சு. ரொம்ப நன்றி, சார்."

"கடமை, மேடம்" என்றார் சார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். எடுத்திருந்தால் சிரித்திருப்பார். சாயங்காலம் ஸ்கூட்டரில், எப்போதும் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறவள் அன்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாற்றப் பதிவு, சட்டம், எல்லாம் அந்தத் தோளில் கரைந்து போயின. எழுதவே இல்லை.

அந்த வாரமே தண்ணீர்க் கணக்கெடுப்பின் ஆய்வுக் கூட்டம். இயக்குநர், குடிநீர்த் துறையிலிருந்து வந்த பொறியாளர், குறிப்பெடுக்க ஓர் அலுவலக உதவியாளர், இவர்களோடு மேடம். புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள சாரும் ஓரத்தில் நின்றார். வரைபடங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. வடக்குத் தெருக்கள் சிவப்பாக இருந்தன. பொறியாளர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் மொத்தக் குழாயையும் தோண்டி மாற்றுங்கள் என்று மேலே போய்ச் சொல்ல வேண்டியவர் அவர். வேண்டுமென்றே மோசமான வீடுகளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள் என்று துறையில் ஒரு பேச்சும் இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க, மேடம். அந்தக் குலுக்கலை இப்ப என் முன்னால ஒரு தடவை ஓட்டிக் காட்டிடுங்க. நானே கண்ணால பார்த்தேன்னு சொல்லணும்."

"தாராளமா. எப்ப ஓட்டினாலும் இதே வீடுங்கதான் வரும்" என்று சிரித்தபடியே மேடம் ஓட்டினார்.

பொறியாளர் தன் கையிலிருந்த, தண்ணீர் எடுத்த வீடுகளின் அச்சுப் பட்டியலில் விரலை வைத்தார். திரையைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். "முதல் வீடே வேறயா இருக்கே?"

மேடம் எண்ணைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே அந்நிய வீடுகள். இரண்டாவது வீடும் வேறு, மூன்றாவதும் வேறு.

"அப்ப நீங்க போய்த் தண்ணி எடுத்த வீடுங்க எந்தக் குலுக்கல்ல வந்துது?" என்றார் பொறியாளர். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

மேடம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியல, சார். இது வரணும். ஏன் வரலைன்னு தெரியல." இத்தனை வருட வேலையில் ஓர் எண்ணைக்கூட வளைக்காதவர். அவர் சொன்ன சொல்லுக்கு அந்த அறையில் மதிப்பு போய்விட்டது, எல்லோர் முகத்திலும் அது தெரிந்தது. இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கூடலாம், அதற்குள் ஒரு விளக்கம் வேண்டும் என்றார்.

புரொஜெக்டர் பக்கத்தில் நின்றவர் அதை அணைக்கக்கூட மறந்தார். என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் கடைசியாகக் கை வைத்தது யார் என்று தெரியும். சர்வர் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னாலேயே வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, எந்த வெர்ஷன்லேருந்து எந்த வெர்ஷனுக்குப் போனீங்க?"

அலுவலகத்துக்குள் 'ஏங்க' என்று அவள் கூப்பிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவர் பழையதையும் புதியதையும் சொன்னார்.

"நடுவுல இத்தனை வெர்ஷன் இருக்கே. அந்தக் குறிப்பெல்லாம் படிச்சீங்களா?"

"கடைசியா வந்ததைப் படிச்சேன். ஒரு வரி விடாம."

"நடுவுல வந்ததை?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த நாட்டாமை வருடக்கணக்காக மற்றவர்களுக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான். தாண்டிப் போகிற ஒவ்வொரு பதிப்பின் குறிப்பையும் படிக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. "உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சு உன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுட்டேன்" என்றார்.

"நான் மட்டும் என்னவாம்? மாத்தினது எனக்குத் தெரியுமே. மேப் வந்த சந்தோஷத்துல, பழைய குலுக்கலை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்னு எனக்கும் தோணலையே. நகருங்க, படிப்போம்."

இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து படித்தார்கள். அவள்தான் கண்டுபிடித்தாள். நடுவில் வந்த ஒரு பதிப்பில், குலுக்கிப் பொறுக்குகிற முறையையே மாற்றியிருந்தார்கள். பழைய முறையில், மிகப் பெரிய பட்டியல்களில் சில இடங்களுக்குத் துளி அதிக வாய்ப்பு கிடைத்ததாம், அதைத் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே அதே எண்ணைக் கொடுத்தாலும் வேறு வீடுகள் வரும். பழைய முறையிலேயே குலுக்கு என்று சொல்ல ஒரு வரி போதும் என்றும் எழுதியிருந்தது. துறைக்கு அனுப்பிய திட்டத்தில் அச்சான நிரலை அவருக்குக் காட்டி, அவள் அதில் அந்த வரியைச் சேர்த்து ஓட்டினாள். முதல் வீடு வந்தது, தண்ணீர் எடுத்த அதே வீடு. அவள் அவர் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

"என்னன்னு?"

"நான்தான் தொட்டேன்னு."

"பதிவு பண்ணாம மாத்தினதுக்கு உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"ஆக்கட்டும். உன் பேரைவிடவா அது?"

கூட்டம் மறுபடி கூடியதும் அவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். பூசி மெழுகவில்லை. பொறியாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க மேடத்தோட வீட்டுக்காரர்தானே?" என்றார்.

"ஆமா, சார்."

"ஒரு வரியைச் சேர்த்தா இந்தப் பட்டியல், எடுத்தா அந்தப் பட்டியல்ங்கறீங்க. இன்னொரு வரி சேர்த்தா மூணாவது பட்டியல் வராதா? நான் மேலே என்னன்னு போய்ச் சொல்ல?"

நியாயமான கேள்விதான். மேடம் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "எங்க சர்வரே வேண்டாம், சார். உங்க லேப்டாப்பை எடுங்க. இணைப்புப் பதிவேடு உங்களோடது. குலுக்கற நிரல் போன வருஷமே உங்களுக்கு வந்த திட்டத்துல அச்சுல இருக்கு. பழைய ஆர், அதைச் செஞ்சவங்க தளத்துலயே கிடைக்குது. நீங்களே இறக்கிப் போட்டு, நீங்களே அடிச்சுப் பாருங்க. நாங்க கிட்டயே வரல."

பொறியாளர் அப்படியே செய்தார். வேறு கணினி என்றாலும் பழைய பதிப்பு ஒன்றுதான். கிடைத்தது, இறங்கியது. அச்சடித்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். ஓரிடத்தில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு, பிழை வந்ததும் தலையைச் சொறிந்தார். சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். விரல் துறுதுறுத்தது. வாயைத் திறக்கவில்லை. பொறியாளராகவே கண்டுபிடித்துத் திருத்தினார். ஓட்டினார். பட்டியலில் விரலை வைத்தார்.

முதல் வீடு பொருந்தியது. அவர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். தெரு, கதவு எண், அடுத்தது. கொஞ்ச நேரத்தில் குரல் தணிந்து உதடு மட்டும் அசைந்தது. ஒரு வீடுகூட விடாமல் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார்.

"மன்னிச்சிடுங்க, மேடம். எல்லா வீடும் சரியா இருக்கு. குழாயை மாத்தியாகணும்னே எழுதிடறேன்."

மேடம் தலையாட்டினார். குற்றம் சாட்டியபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, காகிதங்களை அடுக்குவது போல் எதையோ செய்தார்.

இயக்குநருக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பதிவு செய்யாமல் சர்வரை மாற்றியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவருக்கும் மனசு வரவில்லை. ஒரு வழி காட்டினார்.

"மேடம் எழுத்துல கேட்டிருக்காங்கல்ல? மெயில் இருக்கே. அவங்க கேட்டதாலதான் பண்ணேன்னு போட்டுடலாமே. உங்க தப்பு பாதியாக் குறைஞ்சிடும்."

"இல்லை, சார்" என்றார் அவர். "அவங்க கேட்டப்ப நான் பண்ணல. நான் பண்ணப்ப அவங்க கேட்கல. அவங்க பேரு இதுல வர வேண்டாம். கடிதத்தைக் கொடுத்துடுங்க."

"அப்ப எதுக்குத்தான் பண்ணீங்க? நீங்க போயா? ஒரு மவுஸ் மாத்தறதுக்கே ஒரு மாசம் யோசிக்கற ஆளு!"

பாதுகாப்பு, பராமரிப்பு என்று சொல்ல எத்தனையோ காரணங்கள் அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். அன்று அவற்றைத் தொடவில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வீட்ல அந்தச் சின்ன லேப்டாப்பை வெச்சுக்கிட்டு இவ படற கஷ்டத்தைப் பார்த்துட்டு, என்னால சும்மா இருக்க முடியல, சார்."

இயக்குநர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உதவியாளர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், மாற்றப் பதிவுல மாற்றத்துக்கான காரணம்னு ஒரு இடம் இருக்கு. இதை எப்படி எழுதறது?"

"அவர் சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றாள் அவர் மனைவி. "ஒரு வார்த்தை குறைக்காதீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் சொல்றார்."